பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்த சால்மனை விட்டால் ஆறு பிழைக்குமா?

குமரன்_டக்கோமா

வணக்கம். வாஷிங்டன் மாநிலத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தூண்டில் பழக்கம். இங்கே விதிப்புத்தகத்தில் ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்களுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் சின்னதாக ஒரு கொழுப்புத் துடுப்பு உண்டு. அது வெட்டப்பட்டிருந்தால் மீனை வீட்டுக்குக் கொண்டு போகலாம். முழுசாக இருந்தால் பல ஆறுகளில் தண்ணீரை விட்டு முழுதாக வெளியே தூக்கக்கூடக் கூடாது, அப்படியே கொக்கியைக் கழற்றி விட வேண்டும். ஒரே ஆறு, ஒரே இனம், ஒரே சைஸ்.

இதைப் பற்றி விசாரிக்கப் போய், உள்ளூர் குஞ்சு பொரிப்பகம் பற்றிய ஒரு பொதுக்கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். அடிதடி ஒன்றுதான் பாக்கி. வேடிக்கை என்னவென்றால், பொரிப்பகத்தை மூடச் சொல்பவர்கள் மீனைக் காப்பாற்ற வேண்டும் என்கிற இயற்கை ஆர்வலர்கள்! மூடக் கூடாது என்பவர்கள் பழங்குடி மக்களும் தூண்டில்காரர்களும். எங்கள் ஊர் ஏரியில் மீன்வளத் துறை குஞ்சு விட்டால் அமைச்சர் வந்து போட்டோ எடுப்பார், யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். மீனை வளர்த்து ஆற்றில் விடுவது எப்படித் தப்பாகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நதிமூலம்

துடுப்பு விஷயம் எளிது. பொரிப்பகத்தில் வளரும் குஞ்சுக்கு விடும் முன்பே அந்தத் துடுப்பை வெட்டி விடுவார்கள். கடலுக்குப் போய்ப் பெரிதாகித் திரும்பும்போது, இது பண்ணையில் பிறந்தது, இது ஆற்றுச் சரளையில் பிறந்தது என்று பார்த்தவுடன் தெரியும். பண்ணை மீனைப் பிடித்துத் தின்னலாம், ஆற்றில் பிறந்ததை முட்டையிட விட வேண்டும். அவ்வளவுதான்.

பொரிப்பகம் ஏன் சண்டைக்குரியது என்பதற்கு எல்வா ஆற்றின் கதையைச் சொல்வதுதான் நல்லது. உங்கள் ஊருக்கு வடமேற்கே ஒலிம்பிக் தீபகற்பத்தில் ஓடுவது. ஒரு காலத்தில் ஐந்து வகைப் பசிபிக் சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் ஏறிய ஆறு, ஆண்டுக்கு நான்கு லட்சம் மீன் வரை என்று மதிப்பீடு. 1913இல் அதன் குறுக்கே மின்சாரத்துக்காக எல்வா அணை வந்தது, கடலிலிருந்து வெறும் 8 கிலோமீட்டரில். அணை கட்டினால் மீன் ஏறிப் போக வழி வைத்தே ஆக வேண்டும் என்று மாநிலத்தில் 1890 முதலே சட்டம் இருந்தது. கட்டியவர் வைக்கவில்லை. அப்போதைய மீன்வள ஆணையர் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்: மீன் ஏணிக்குப் பதிலாக அணையடியில் ஒரு குஞ்சு பொரிப்பகம் கட்டிக் கொடுங்கள், போதும். சட்டமன்றமும் 1915இல் அதை முறைப்படுத்தியது. அந்தப் பொரிப்பகம் சரிப்பட்டு வராமல் 1922இல் கைவிடப்பட்டது. அணை மட்டும் நின்றது. 1927இல் மேலே கிளைன்ஸ் கேன்யன் என்று இரண்டாவது அணையும் வந்தது, அதற்கும் ஏணி கிடையாது.

பொரிப்பகம் பிறந்த கதையே இதுதான். ஆற்றைக் காக்கும் கடமையிலிருந்து தப்பிக்கக் கொடுத்த ஈட்டுப் பணம் அது. பசிபிக் கரையில் அணைக்கு அணை இதே பேரம் நடந்திருக்கிறது.

அடுத்தது மரபணு விஷயம். ஓரிகனில் ஹூட் ஆற்று ஸ்டீல்ஹெட்டை மரபணு வழியாகத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து, 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. பண்ணையில் கழிக்கும் ஒவ்வொரு தலைமுறைக்கும், காட்டு நிலையில் சந்ததி பெருக்கும் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது என்றது அது. காரணம் புரியாததல்ல. சிமெண்டுத் தொட்டியில் மீன்கொத்திப் பறவை இல்லை, வெள்ளம் இல்லை, தீனி மேலே இருந்து விழுகிறது. ஆள் நிழல் விழுந்தால் ஓடி ஒளியும் குஞ்சு அங்கே பட்டினி கிடக்கும், நிழலைப் பார்த்து மேலே வரும் குஞ்சு கொழுக்கும். ஆற்றில் இதற்கு நேர் எதிர். அந்தக் கொழுத்த குஞ்சு பிழைத்துத் திரும்பி வந்து காட்டு மீனோடு சேர்ந்து முட்டையிட்டால், பலவீனம் அங்கேயும் போகிறது.

தூண்டில்_போர்ட்லேண்ட்

நதிமூலம் சொல்வது ஏட்டில் சரி. ஆனால் கொலம்பியா ஆற்றுக்கு வாருங்கள். கிராண்ட் கூலி அணையில் மீன் ஏணியே கிடையாது, அதற்கு மேலே கனடா வரை இருந்த முட்டையிடும் இடமெல்லாம் போச்சு. பானவில் அணை வழியாக இன்று ஏறுவதில் பெரும்பங்கு பண்ணைப் பிறப்பு. நாளைக்கே பொரிப்பகங்களை மூடினால் ஆற்றில் என்ன இருக்கும்? தூண்டில் போடுகிறவன் உரிமம் வாங்கும் காசில்தான் துறைக்கே பாதி வேலை நடக்கிறது. மீன் இல்லையென்றால் உரிமம் இல்லை, உரிமம் இல்லையென்றால் ஆற்றுக்குப் பேச ஆள் இல்லை. சுத்தம் பார்த்துச் சுத்தம் பார்த்து எல்லாவற்றையும் இழக்கப் போகிறோம்.

நதிமூலம்

> மீன் இல்லையென்றால் உரிமம் இல்லை

மொன்டானாவைப் பாருங்கள். 1960களின் கடைசியில் டிக் வின்சென்ட் என்ற மாநில மீன்வள உயிரியலாளர் மேடிசன் ஆற்றில் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினார். ஆண்டுதோறும் பண்ணை ட்ரௌட் மீனை லாரியில் கொண்டு வந்து கொட்டும் பகுதியில் கொட்டுவதை நிறுத்தினார். பக்கத்தில் கொட்டவே கொட்டாத ஓடெல் ஓடையில் கொட்ட ஆரம்பித்தார். நிறுத்திய இடத்தில் காட்டு ட்ரௌட் மளமளவென்று பெருகியது. கொட்டிய இடத்தில் இருந்த காட்டு மீன் குறைந்தது. தூண்டில் கடைக்காரர்கள் கொதித்தார்கள். ஆனாலும் 1974இல் மொன்டானா, காட்டு ட்ரௌட் தானே பிழைக்கும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு அங்கே தூண்டில் செத்துப் போகவில்லை. இன்று ட்ரௌட் பிடிக்க உலகம் முழுக்கவிருந்து ஆள் போவது அங்கேதான்.

தூண்டில்_போர்ட்லேண்ட்

அந்த மேடிசன் ஆற்றில் இருக்கும் பிரவுன் ட்ரௌட் ஐரோப்பாவிலிருந்து வந்தது, ரெயின்போ பசிபிக் கரையிலிருந்து வந்தது. சொந்த மண்ணின் கட்த்ரோட் ட்ரௌட் ஓரத்து மலை ஓடைகளுக்கு ஒதுங்கிவிட்டது. "காட்டு மீன்" என்று யாரைச் சொல்கிறீர்கள்?

நதிமூலம்

நல்ல குத்து, ஏற்கிறேன். மொன்டானா காப்பாற்றியது காட்டில் பிறக்கும் மீனை, பூர்வீக மீனை அல்ல. இரண்டும் வேறு வேறு இலக்கு, இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதுதான் துறைகளின் பழைய வழக்கம். யெல்லோஸ்டோன் ஏரியில் பூர்வீக கட்த்ரோட்டைக் காக்க, யாரோ கொண்டு வந்து விட்ட லேக் ட்ரௌட்டை வலை போட்டு அழிக்கிறார்கள். 1994இல் கண்டுபிடித்தது முதல் 40 லட்சத்துக்கு மேல் எடுத்தாகிவிட்டது. ஒரு ட்ரௌட்டைக் காக்க இன்னொரு ட்ரௌட்டைக் கொல்ல வேண்டியிருக்கிறது. மனிதன் மீன் விட்ட ஏரிக்கெல்லாம் பின்னால் இப்படி ஒரு பில் வந்து சேர்கிறது.

அதே 1994இல் மேடிசனிலும் சுழல் நோய் தெரியவந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒட்டுண்ணி, மீன்களை ஊர் ஊராகக் கொண்டு போனதில் பரவியது. ஆற்றின் ஒரு பகுதியில் ரெயின்போ பத்தில் ஒன்றாகிவிட்டது.

வன்கூவர்_தயாபரன்

நீங்கள் எல்லாரும் கதைக்கிறது விஞ்ஞானம். ஆனால் அந்தக் கூட்டத்தில பழங்குடிச் சனம் ஏன் பொரிப்பகத்தை விடமாட்டம் எண்டு நிண்டவை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

1854, 55இல அந்தச் சனங்கள் அமெரிக்க அரசோட ஒப்பந்தம் போட்டவை. நிலம் கிட்டத்தட்ட முழுசும் குடுத்தாச்சு. ஒண்டை மட்டும் குடுக்கேல்லை: வழமையான இடங்களில மீன் பிடிக்கிற உரிமை. பிறகு நூறு வருசம் அந்த உரிமையைக் கேட்டவனை மாநில அரசு பிடிச்சு உள்ள போட்டது. நிஸ்குவாலி இனத்து பில்லி ஃபிராங்க் ஜூனியரை ஐம்பது தரத்துக்கு மேல கைது செய்தவங்கள். கடைசியா 1974 பெப்ரவரி 12ஆம் திகதி நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்புச் சொன்னார், பிடிக்கக்கூடிய மீனில பாதி வரை ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு எண்டு. 1979இல உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

இப்ப யோசியுங்கோ. அணை கட்டினது அவையள் இல்லை. காடு வெட்டினது அவையள் இல்லை. மீன் எல்லாம் போன பிறகு "பாதி உனக்கு" எண்டால், எதில பாதி? சைபரில பாதி சைபர்தான். பொரிப்பக மீன் இல்லாட்டி அந்த ஒப்பந்தம் வெறும் கடதாசி. இந்த நிலைமையில "பொரிப்பகம் காட்டு மீனுக்குக் கூடாது, மூடு" எண்டு நகரத்தில இருந்து ஒருத்தர் வந்து சொன்னால் கோவம் வருமோ வராதோ?

எல்வாவிலயும் இதுதான் நடந்தது. அணை இடிக்கிற நேரம் அடியில தேங்கின சேறு இறங்கி மிச்ச மீனும் சாகும், அதுக்குப் பொரிப்பகம் வேணும் எண்டு அந்த ஆற்றுப் பழங்குடிகளான லோயர் எல்வா கிளாலம் மக்கள் சொன்னவை. 2012இல காட்டு மீன் அமைப்புகள் வழக்குப் போட்டவை. நூறு வருசம் அணை இடிக்கச் சொல்லிக் காத்திருந்த சனத்தை, அணை இடிக்கிற வருசத்தில கோர்ட்டுக்கு இழுத்தால் எப்பிடி இருக்கும்?

மட்டுறுத்துநர்

தூண்டில், நதிமூலம் இருவருக்கும்: தனிப்பட்ட வரிகள் இரண்டை நீக்கியிருக்கிறேன். மீனைப் பற்றிப் பேசுங்கள்.

மேட்டூர்_கணேசன்

தம்பிகளா, நான் மீன்வளத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். குமரன் தம்பி "எங்கள் ஊர் ஏரியில்" என்று ஆரம்பித்ததால் நுழைகிறேன்.

ஏரியிலும் நீர்த்தேக்கத்திலும் நாங்கள் விடும் கட்லா, ரோகு, மிருகால் விரலிகள் (விரல் நீளக் குஞ்சுகள்) பயிர் மாதிரி. விதைக்கிறோம், அறுக்கிறோம். அது உணவு உற்பத்தி. யாரும் அதை இனப் பாதுகாப்பு என்று சொல்லக்கூடாது, நாங்களும் (நிதானத்தில் இருக்கும்போது) சொன்னதில்லை. அந்த மூன்றும் கங்கைச் சமவெளி மீன்கள், பின்னாளில் காவிரிக்கு வந்தவை.

சால்மன் மாதிரிக் கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் மீன் நமக்கும் உண்டு: உல்லம். வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுவது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறிக்கொண்டிருந்தது. கீழே அணைக்கட்டுகள், மேலே 1934இல் மேட்டூர். வழி அடைபட்டது, மீன் போயிற்று. அதற்காக இங்கே யாரும் போராடவில்லை, ஒப்பந்தமும் இல்லை, வழக்கும் இல்லை. உல்லம் ஏறிய காவிரி என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள்.

நதிமூலம் சொல்லும் பண்ணைக் குஞ்சு ஆபத்துக்கு நம் ஆற்றிலேயே சாட்சி இருக்கிறது. காவிரியின் திமில் மகசீர், ஆரஞ்சு நிறத் துடுப்போடு ஐம்பது கிலோ தாண்டும் ராட்சசன், உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. மகசீர் குறைகிறது என்று மகாராஷ்டிரத்தின் லோனாவாலாப் பண்ணையில் வளர்த்த நீலத் துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். நல்லெண்ணம்தான். 1998 முதல் 2012 வரை கர்நாடகத் தூண்டில் முகாம்களின் பதிவேட்டைப் பின்னால் ஆராய்ந்தவர்கள் பார்த்தது: மொத்த மகசீர் எண்ணிக்கை ஏறுகிறது, ஏறுவது முழுக்க நீலத் துடுப்பு, திமில் மகசீர் தேய்ந்துகொண்டே போகிறது. அது என்ன இனம் என்பதே 2018இல்தான் சரியாக அடையாளம் காணப்பட்டது, அதே ஆண்டு அழிவின் விளிம்பில் என்ற பட்டியலிலும் சேர்ந்தது. இன்று மோயாறு பக்கம் கொஞ்சம் மிச்சம். எண்ணிக்கை ஏறினால் எல்லாம் நலம் என்று கோப்பில் எழுதிவிட்டுப் போகும் என் போன்றவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நீலகிரி ட்ரௌட்டைக் கேட்பவர்களுக்கு: அது வெள்ளைக்காரன் விளையாட்டுக்குக் கொண்டு வந்தது. அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் கட்டினார்கள், ரெயின்போ நிலைத்தது. சுவையான மீன். ஆனால் மேலை ஓடைகளில் அதற்கு முன் என்னென்ன சின்ன மீன் இருந்தது என்று எண்ணிப் பார்த்த பிறகு விடவில்லை.

பெர்கன்_மலர்

நோர்வேயில் இருந்து ஒரு குறிப்பு. இங்கே பிரச்சினை ஆற்றுப் பொரிப்பகம் இல்லை, கடற்கரை நெடுக இருக்கும் வலைக்கூண்டுப் பண்ணைகள். சூப்பர் மார்க்கெட்டில் நாம் வாங்கும் சால்மன் அதுதான். கூண்டில் பெருகும் கடல் பேன் பக்கத்தால் போகும் காட்டுக் குஞ்சைப் பிடிக்கும். கூண்டு கிழிந்து தப்பும் மீன் ஆற்றில் ஏறிக் கலக்கும். 2024 ஜூனில் வரத்து அவ்வளவு மோசம், பருவத்தின் நடுவே 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதை அரசு நிறுத்தியது. பரம்பரையாகத் தூண்டில் போட்ட குடும்பங்கள் திகைத்துப் போய் நின்றன. கூண்டுகள் நிற்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

குமரன்_டக்கோமா

எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக கணேசன் ஐயாவுக்கு. உல்லம் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு கேள்வி. எல்வா அணையை இடித்தார்களே, இப்போது மீன் வந்ததா இல்லையா? அங்கேதான் பொரிப்பகமும் இருந்தது, திறந்த ஆறும் இருக்கிறது. எது வேலை செய்தது என்று தெரிந்திருக்க வேண்டுமே?

நதிமூலம்

இந்த இழையிலேயே சரியான கேள்வி.

இடிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது 1992. இடிப்புத் தொடங்கியது 2011 செப்டம்பர். 64 மீட்டர் உயர கிளைன்ஸ் கேன்யனின் கடைசித் துண்டு போனது 2014 ஆகஸ்ட். இரண்டு நீர்த்தேக்கங்களிலும் சேர்ந்திருந்த வண்டல் சுமார் 2 கோடி கனமீட்டர். அது இறங்கியபோது ஆறு கோகோ நிறத்தில் ஓடியது, தயாபரன் சொன்ன பயம் வீண் பயமில்லை. ஆனால் அந்த வண்டல்தான் நூறாண்டாகக் கற்பாறையாய்க் கிடந்த ஆற்றுப் படுகைக்குச் சரளையைத் திருப்பிக் கொடுத்தது. முகத்துவாரத்தில் புதுக் கடற்கரையே உருவானது.

இனி மீன். ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு பதில்.

சினூக் சால்மன்: அணைக்கு மேலே போய் முட்டையிடுகிறது, ஆனால் திரும்பி வருவதில் பெரும்பங்கு இன்னும் பண்ணைப் பிறப்பு. பொரிப்பகம் இனத்தை உயிரோடு கொண்டு கரை சேர்த்தது. ஆறு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவில்லை, இன்னும்.

கோஹோ சால்மன்: மேல் பகுதிக் கிளையாறுகளில் ஆட்கள் கொண்டு போய் விட்டார்கள், பிறகு தானாகப் பரவியது. 2023இல் லோயர் எல்வா கிளாலம் மக்கள் சடங்குக்கும் வீட்டுத் தேவைக்கும் என்று கோஹோ பிடித்தார்கள். 2011இலிருந்து ஆறு மூடிக்கிடந்தது, அவர்கள் தாங்களே சம்மதித்து மூடியது.

கோடைக்கால ஸ்டீல்ஹெட்: இதுதான் எனக்குப் பிடித்தது. இந்த மீனை இங்கே யாரும் பண்ணையில் வளர்க்கவில்லை. ஸ்டீல்ஹெட்டும் ரெயின்போ ட்ரௌட்டும் ஒரே இனம், ஒன்று கடலுக்குப் போய் வரும், மற்றது ஆற்றோடு இருந்துவிடும். 1913இல் அணைக்கு மேலே மாட்டிக்கொண்ட மீன்கள் நூறாண்டு காலம் ரெயின்போவாகவே மலை ஓடைகளில் வாழ்ந்தன. கடலுக்குப் போகும் மரபணு அவற்றில் அழியவில்லை. கதவு திறந்ததும் அவற்றின் பிள்ளைகள் கடலுக்குப் போய் ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பி வந்தன. செத்துவிட்டதாகக் கருதிய கோடை ஓட்டம் இன்று அந்த ஆற்றில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. செலவு? தடையை எடுத்தது மட்டுமே.

என் வாதம் இவ்வளவுதான்: பொரிப்பகம் நேரத்தை வாங்கித் தரும், மீனை வாங்கித் தராது. வாங்கிய நேரத்தில் ஆற்றுக்கு எதுவும் செய்யாவிட்டால் அது மறுபடியும் 1915இன் பேரம்தான்.

வன்கூவர்_தயாபரன்

நேரம் வாங்கித் தாறது சின்ன விசயம் இல்லை அண்ணை. ஐடஹோவில ரெட்ஃபிஷ் ஏரி. கடலில இருந்து 1,400 கிலோமீட்டருக்கு மேல, 2,000 மீட்டர் உயரம், இடையில எட்டு அணை. 1992இல அந்த ஏரிக்குத் திரும்பி வந்த சாக்கை சால்மன் எத்தனை தெரியுமோ? ஒண்டு. ஒரே ஒரு ஆண் மீன். 1991 தொடக்கம் 98 வரை எட்டு வருசத்தில திரும்பினது மொத்தம் 16. அந்தப் பதினாறையும் பிடிச்சு, தொட்டியில வைச்சு, இனத்தைப் பெருக்கினபடியாத்தான் இண்டைக்கு அந்த வம்சம் இருக்கு. சுத்தமான காட்டு மீன் கொள்கை எண்டு பாத்துக்கொண்டு நிண்டிருந்தால் 1998க்கு முன்னமே முடிஞ்சிருக்கும்.

எல்வாவில அணைத் தண்ணி வத்தின பிறகு அந்தச் சனத்தின்ர ஆதிக்கதையில உலகம் தோன்றின இடம் வெளியில வந்தது, 2012இல. கதையெண்டு நினைச்சிருந்த இடம். மீன் கணக்கில இது வராது, ஆனால் அவையள் ஏன் விட்டுக்குடுக்காமல் நிண்டவை எண்டு விளங்கும்.

தூண்டில்_போர்ட்லேண்ட்

ரெட்ஃபிஷ் கதையின் மறுபாதியையும் சொல்லுங்கள். 2015 கோடையில் கொலம்பியா தண்ணீர் சூடேறி, ஐடஹோவுக்குப் போக வேண்டிய சாக்கையில் பெரும்பகுதி வழியிலேயே செத்தது. கொலம்பியாவின் கிளையான ஸ்னேக் ஆற்றின் கீழ்ப்பகுதி அணைகள் நான்கும் நிற்கிறவரை நீங்கள் எவ்வளவு வளர்த்து விட்டாலும் இதேதான். (ஆமாம், இந்த ஒன்றில் நானும் நதிமூலமும் ஒரே கட்சி. பதிவு செய்துகொள்ளுங்கள்.)

ஆனால் அணை மட்டும்தான் வில்லன் என்ற மாதிரியும் போகிறது. டக்கோமாவிலேயே நகர ஓடைகளில் மழை பெய்ததும் கோஹோ முட்டையிடும் முன்பே துடித்துச் சாகும். பல ஆண்டு யாருக்கும் காரணம் தெரியவில்லை. 2020இல் கண்டுபிடித்தார்கள்: கார் டயரில் போடும் ஒரு பாதுகாப்பு ரசாயனம் காற்றில் ஓசோனோடு சேர்ந்து மாறி, சாலை மழைநீரோடு ஓடையில் இறங்குகிறது. 6பிபிடி-குவினோன் என்று பெயர். குமரன், நீங்களும் நானும் ஆற்றங்கரைக்குக் காரில்தான் போகிறோம்.

அனிதா_ஆங்கரேஜ்

அலாஸ்காவைப் பற்றி யாரும் பேசவில்லையே. இங்கே பிரிஸ்டல் வளைகுடாவில் பொரிப்பகமே இல்லை, அணையும் இல்லை. 2022இல் ஏறத்தாழ 7.9 கோடி சாக்கை சால்மன் திரும்பியது, பதிவிலேயே அதிகம். ஆறு கோடியைப் பிடித்தார்கள், அப்படியும் ஆறு நிரம்பி ஏறியது.

முறை இதுதான். ஒவ்வோர் ஆற்றுக்கும் எத்தனை மீன் முட்டையிட மேலே போயாக வேண்டும் என்று முதலில் ஓர் எண்ணை முடிவு செய்வார்கள். தெளிந்த தண்ணீர் ஆறுகளில் இரு கரையிலும் கோபுரம் போட்டு, மணிக்குப் பத்து நிமிடம் கண்ணாலேயே எண்ணுவார்கள், அதை வைத்து அந்த மணிக்கான கணக்கு. மீன் போதவில்லையா, உள்ளூர் உயிரியலாளர் ஓர் உத்தரவு போட்டால் அன்றைக்கே வலை நிற்கும். படகுக்காரர்கள் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். மேலே போக வேண்டியது முதலில், வலைக்கு மிச்சம். மாநில அரசமைப்பிலேயே வளம் குன்றாத விளைச்சல் என்று எழுதியிருப்பதால் இதற்கு மேல் அரசியல்வாதி கை வைப்பது கடினம்.

தூண்டில்_போர்ட்லேண்ட்

யூக்கானையும் சொல்லுங்கள் அனிதா. அதே மாநிலம், அதே விதி.

அனிதா_ஆங்கரேஜ்

சொல்கிறேன். யூக்கான் ஆற்றின் சினூக் சரிந்துவிட்டது. 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் சேர்ந்து ஏழு ஆண்டுக்கு, அதாவது மீனின் ஒரு முழு வாழ்க்கைச் சுற்றுக்கு, பிடிப்பை நிறுத்த ஒப்புக்கொண்டன. கரையோர ஊர்களில் புகை போட்டு மீன் உலர்த்தும் கொட்டில்கள் காலியாகக் கிடக்கின்றன. குழந்தைகளுக்கு மீன் அறுக்கக் கற்றுக்கொடுக்க மீன் இல்லை. ஆற்றின் பெரும்பகுதியில் அணை இல்லை, காடு அப்படியே இருக்கிறது. சூடேறிய தண்ணீர், ஓர் ஒட்டுண்ணி நோய், கடலில் கிடைக்கும் இரை, எல்லாம் சேர்ந்த கை. கோபுரத்தில் எண்ணுபவர் என்ன செய்வார்? குறைந்த எண்ணைச் சரியாக எண்ணி எழுதலாம்.

நதிமூலம்

கடலைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். வட பசிபிக்கைச் சுற்றியுள்ள நாடுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி பண்ணைக் குஞ்சுகளை விடுகின்றன. அமெரிக்கா, ஜப்பான், ரஷ்யா என்று எல்லாரும். இரை ஒரே கடலில்தான். யூக்கான் மீனும் அதே கடலில்தான் வளர வேண்டும். தன் ஆற்றில் பொரிப்பகம் இல்லாத ஊர்க்காரனும் அடுத்த நாட்டுப் பொரிப்பகத்தோடு போட்டி போடுகிறான் என்ற சந்தேகம் ஆய்வாளர்களிடையே வலுத்து வருகிறது.

வன்கூவர்_தயாபரன்

ஃபிரேசர் ஆற்றுச் சாக்கை 2009இல ஒரு கோடி வரும் எண்டு கணிச்சவை. வந்தது 15 லட்சம் அளவில. கொமிசன் வைச்சு விசாரிக்கத் தொடங்கினம். அடுத்த வருசமே கிட்டத்தட்ட மூண்டு கோடி வந்து நிண்டுது! கடலைக் கணிக்கிறது கஷ்டம். அதாலதான் சொல்லுறன், கையில இருக்கிற பொரிப்பகத்தை மூடுறதுக்கு அவசரப்படக் கூடாது.

குமரன்_டக்கோமா

அப்போது எப்போது மூடுவது? யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா, இந்த எண் வந்தால் மூடலாம் என்று?

நதிமூலம்

எல்வாவில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான்கு கட்டம்: இருக்கும் இனத்தை அழியாமல் காப்பது, மேல் பகுதிகளில் மீண்டும் குடியேறுவது, ஆற்றுக்கேற்பப் பழகுவது, கடைசியில் தானே நிற்கும் காட்டு இனம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக எண்கள் உண்டு. அந்தப் படியில் ஏற ஏறப் பொரிப்பகத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

கிளமத் ஆற்றில் கெடுவே வைத்துவிட்டார்கள். கலிபோர்னியா, ஓரிகன் எல்லையில் நான்கு அணைகள், 2024இல் இடித்து முடித்தார்கள். 2002 செப்டம்பரில் தண்ணீர் குறைந்து சூடேறி, கீழ் ஆற்றில் குறைந்தது 34,000 மீன் செத்து மிதந்த பிறகு யூரோக், கருக் பழங்குடி மக்கள் விடாமல் போராடியதன் பலன். இடித்த அதே அக்டோபரில் சினூக் ஓரிகனுக்குள் ஏறியது, 1912க்குப் பிறகு முதல் தடவை. அங்கே ஃபால் கிரீக் பொரிப்பகம் அணை போன பிறகு எட்டு ஆண்டு நடப்பதற்கு மட்டுமே பணம் ஒதுக்கியிருக்கிறது.

வன்கூவர்_தயாபரன்

எட்டு வருசம் எண்டால் சினூக்குக்கு இரண்டு தலைமுறை. இடையில ஒரு 2015 மாதிரிக் கோடை வந்தால்? கெடு மீனுக்குப் பாத்து வைச்சதோ, அணைக் கொம்பனிக்குப் பாத்து வைச்சதோ?

நதிமூலம்

பேரத்தில் வந்த கெடுதான், மறுக்கவில்லை. ஆனாலும் கெடு இருப்பதால்தான் ஒவ்வொரு ஆண்டும் மேலே மீன் எத்தனை முட்டைக் கூடு போட்டது என்று எண்ணுகிறார்கள். கெடு இல்லாத கொலம்பியாவில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

தூண்டில்_போர்ட்லேண்ட்

கேட்கிறோம். பதில்தான் வருவதில்லை. அடுத்த மாதம் இங்கே ஸ்னேக் அணை பற்றி ஒரு கூட்டம் இருக்கிறது, பக்கத்தில் இருப்பவர்கள் தனிச்செய்தியில் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம். கார் ஒன்றே போதும்.